நன்றிப் பக்கத்துல இருக்கு அடுத்த புத்தகம்

வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் கேட்டுருக்கீங்க. புத்தகம். அதுலயும் எல்லாருக்கும் தெரிஞ்ச புத்தகம் இல்ல, புதுசா வந்து யார் கண்ணுலயும் படாம கெடக்கற புத்தகத்தை எப்பிடித் தேடிப் பிடிக்கன்னு. இதைவிட எனக்கு சந்தோசமான கேள்வி கிடையாது. 26 வருஷம் நம்ம ஜில்லாவுல கிளை நூலகத்துல வேலை பாத்தவ நான், எந்தப் புத்தகத்துல தேதி சீட்டு வெறுமனே இருக்கோ அதைத் தூசி தட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வாசிக்கது அப்ப வழக்கம். அதனால பிள்ளை படிப்பு, உடம்பு பத்திக் கேட்டவங்கல்லாம் அடுத்த மாசம் வரை பொறுத்துக்கிடுங்க. ரெண்டு மூணு பேர் பேரு போட வேண்டாம்னு சொன்னதால எல்லாருக்கும் ஊரு மட்டும் போட்டுருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் பாளையங்கோட்டைல ஹாஸ்டல்ல தங்கி எம்.எஸ்ஸி படிக்கேன். நாவல்னா உயிரு. ஆனா இன்ஸ்டாகிராம்ல எந்த புத்தக வீடியோ பாத்தாலும் அதே பத்து புத்தகத்தைத்தான் காட்டுதாங்க, கடைக்குப் போனாலும் முன்னாடி டேபிள்ல அதே பத்துதான். புதுசா எழுதுறவங்க நாவலும் கதையும் எங்கதான் இருக்கு? காசும் நெறைய இல்ல, வாங்கி ஏமாந்துறக் கூடாதுன்னு பயமும் இருக்கு. (பாளையங்கோட்டை)

பதில்: எம்மா, மொதல்ல ஏன் இப்பிடி ஆகுதுன்னு சொல்லுதேன். முன்னெல்லாம் ஒரு தமிழ் புத்தகம் போட்டா ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிச்சுத்தான் ஆகணும், அதுக்குக் குறைவா போட்டா செலவு கட்டாது, அவ்வளவையும் விக்கணும்னா கடை கடையா அனுப்பியே தீரணும். இப்ப டிஜிட்டல் பிரிண்டிங் வந்த பொறவு 100 பிரதி, 200 பிரதின்னு போடலாம், தீந்தா திரும்பப் போட்டுக்கிடலாம். இதனால நல்லதும் நடந்துருக்கு, கெட்டதும் நடந்துருக்கு. கைல பெருசா காசு இல்லாத ஆளு கூட புத்தகம் போட முடியுது, அது நல்லது. ஆனா 150 பிரதி போட்ட புத்தகம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கடைக்கு எங்க வரப்போகுது, எழுதினவர் ஊருலயும் அவரு சேக்காளிங்க கையிலயுமே சுத்தி முடிஞ்சுரும். அதனால கடை டேபிளைப் பாத்து தமிழ்ல புதுசா ஒண்ணும் வரலன்னு நெனைச்சுறாத.

அப்ப எப்பிடித் தேட? எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி ஒண்ணு இருக்கு, காசு கிடையாது. உனக்குப் பிடிச்ச ஒரு புது கதைத் தொகுப்பை எடு, கடைசிப் பக்கத்தை இல்ல, மொத ரெண்டு மூணு பக்கத்தைப் பாரு. அதுல நன்றின்னு ஒரு பக்கம் இருக்கும், எல்லாரும் தாண்டிப் போற பக்கம். எந்தெந்தப் பத்திரிகைல இந்தக் கதைங்க மொதல்ல வந்துச்சு, கையெழுத்துப் பிரதியைப் படிச்சுத் திருத்தம் சொன்னது யாரு, அட்டைப்படம் யாரு, எல்லாம் அதுல இருக்கும். படிச்சுத் திருத்தம் சொன்ன ஆளு பெரும்பாலும் அவரும் ஒரு எழுத்தாளராத்தான் இருப்பாரு, அவரு பேரைப் போட்டுத் தேடுனா இன்னொரு புத்தகம் வரும், அதுக்கும் ஒரு நன்றிப் பக்கம் இருக்கும். போன வருஷம் நான் தூத்துக்குடி உப்பளத்தைப் பத்தின ஒரு கதைத் தொகுப்புல ஆரம்பிச்சேன், நன்றிப் பக்கத்துல இருந்த ஒரு பேரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மலையோரத்து நாவலுக்குப் போனேன், அதுலருந்து ஒரு டீச்சர் எழுதின குறுநாவலுக்கு வந்து சேந்தேன். மூணுல எதையும் எந்த லிஸ்ட்லயும் பாத்ததில்ல. மூணுல ரெண்டு எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒண்ணு பிடிக்கல. அது போதும்.

சின்ன பத்திரிகைகளையும் விட்டுறாத. இப்ப நெறைய மாதப் பத்திரிகை இணையத்துலயே வருது, காசு இல்லாம வாசிக்கலாம், நாளைக்குப் புத்தகமா வரப்போற கதை இன்னைக்கு அங்கதான் இருக்கு. நம்ம இடைசெவல் கி.ராஜநாராயணன் கதை வெளிய தெரிஞ்சதே 'சரஸ்வதி'ன்னு ஒரு சின்ன பத்திரிகை வழியாத்தான், அதை அன்னைக்குக் கைல வச்சு வாசிச்சவங்க எத்தனை பேரு இருந்துருப்பாங்கன்னு நெனைச்சுப் பாரு.

லிஸ்ட் வேணும்னே கேட்டா ஒரு லிஸ்டை மட்டும் சொல்லுவேன். சாகித்ய அகாடமி 2011லருந்து யுவ புரஸ்கார்னு ஒண்ணு குடுக்கு, 35 வயசுக்குள்ள இருக்கவங்களுக்கு. பெரிய விருது வாங்குன புத்தகம் நாலு பேருக்குத் தெரிஞ்சுரும், இது அவ்வளவா தெரியாது. 2012ல வாங்குனது மலர்வதியோட 'தூப்புக்காரி', துப்புரவு வேலை செய்யுற பொம்பளை ஒருத்தியோட வாழ்க்கை, நமக்குப் பக்கத்து கன்னியாகுமரி ஜில்லாவுலருந்து வந்த நாவல். 2023ல நாகர்கோவில் ராம் தங்கத்தோட 'திருக்கார்த்தியல்', கதைத் தொகுப்பு. வருஷத்துக்கு ஒண்ணுன்னு அந்த லிஸ்டை முன்னுக்கும் பின்னுக்கும் போயிப் பாத்தா ஒனக்கு ஒரு வருஷம் ஓடும்.

ஏமாந்துருவோம்ங்கிற பயத்துக்கு: முன்னுரையைப் படிச்சு வாங்காத, முன்னுரைல யாரும் குறை சொல்ல மாட்டாங்க. பின்னட்டையையும் நம்பாத. 30ஆம் பக்கத்தைத் திற, நின்னுக்கிட்டே ரெண்டு பக்கம் வாசி. மொதப் பக்கத்தை எல்லாரும் பத்து தடவை திருத்தி எழுதுவாங்க, 30ஆம் பக்கத்துலதான் அவரு உண்மையிலே எப்பிடி எழுதுவாருன்னு தெரியும். அங்க ஒரு ஆளு பேசுதது உன் காதுல கேக்குதுன்னா வாங்கு. பாளையங்கோட்டைல வருஷா வருஷம் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்குல்லா, அங்க போனா நுழைஞ்சதும் இருக்க பெரிய ஸ்டால்ல நிக்காம, நேரா கடைசி வரிசைக்குப் போயி அங்கருந்து முன்னாடி வா. ஒரு டேபிள், ஒரு நாற்காலி, இருபது புத்தகம்னு தனியா ஒரு ஆளு உக்காந்துருப்பாரு பாரு, பல சமயம் எழுதினவரே அவருதான். அவருட்ட செத்த நேரம் பேசு.

கேள்வி: நான் 34 வருஷம் தபால்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். தன்வரலாறு படிக்க ஆசை, ஆனா தலைவர்கள், நடிகர்கள், பெரிய அதிகாரிகள் எழுதினதே கிடைக்கு. நம்மள மாதிரி சாதாரண ஆளுக எழுதினது தமிழ்ல உண்டா? (அம்பாசமுத்திரம்)

பதில்: உண்டு அண்ணாச்சி, நெறைய உண்டு, ஆனா அது புத்தகக் கடைக்கு வராது. சஷ்டியப்த பூர்த்தி, சதாபிஷேகம், பள்ளிக்கூட நூற்றாண்டு, இல்ல ஒரு வாத்தியாரோட நினைவு நாள், இப்பிடி விசேஷத்துக்குத்தான் அந்தப் புத்தகங்க அச்சாகும். வந்தவங்களுக்குத் தாம்பூலப் பையில போட்டுக் குடுப்பாங்க. விலை போட்டுருக்காது. வீட்டுக்குப் போயி அலமாரி மேல ஏறும், அந்த வீட்டுப் பெரியவர் காலமானா பழைய பேப்பரோட எடைக்குப் போகும். எனக்கு இது மனசு ஆறாத விஷயம். நூலகத்துல இருக்கும்போது யாராவது இப்பிடி ஒண்ணைக் கொண்டாந்து "சும்மா வச்சுக்கிடுங்க மேடம்"னு நீட்டினா நான் ரெண்டு கையையும் நீட்டி வாங்குவேன்.

அதுல ஒண்ணைச் சொல்லுதேன். கிராம நர்ஸா இருந்த ஒரு அம்மா எழுதினது, 72 பக்கம், தாளும் மட்டமான தாளு, அச்சுப் பிழை பக்கத்துக்கு நாலு. பேரு சொல்லல, குடும்பத்துக்குன்னு போட்டது அது. கண்ணாடி சிரிஞ்சை நோயாளி வீட்டு அடுப்புலயே கொதிக்க வச்சு ஊசி போட்ட காலத்துலருந்து ஆரம்பிக்காங்க. பேறுகாலம் பாக்க ராத்திரி ஆத்தைத் தாண்டிப் போனது, ஒரு வீட்டுல காபி குடுத்த டம்ளரை இவங்க கண்ணு முன்னாலயே தனியா எடுத்து வச்சது, அதே வீட்டு மருமகளுக்குப் பொறவு ரத்தம் நிக்காம போனப்ப இவங்கதான் ராத்திரி முழுக்கப் பக்கத்துல உக்காந்துருந்தது. 1992 நவம்பர்ல தாமிரபரணி வெள்ளம் வந்துச்சே, அன்னைக்கு ராத்திரியைப் பத்தி நாலே பக்கம் எழுதிருக்காங்க. செய்தித்தாள்ல எவ்வளவோ படிச்சுருக்கோம், ஆனா தண்ணி ஏறும்போது மருந்துப் பெட்டியைத் தலைல வச்சுக்கிட்டு நின்ன ஒரு மனுஷி என்ன நெனைச்சாங்கங்கிறது அந்த நாலு பக்கத்துல மட்டுந்தான் இருக்கு. எந்தப் பெரிய மனுஷர் சரித்திரமும் எனக்கு அதைக் குடுத்ததில்ல.

தேட வேண்டிய இடம்: பழைய புத்தகக் கடை, நூலகத்துல அன்பளிப்பா வந்த புத்தகம் அடுக்கி வச்சுருக்க ராக்கு, உங்க ஊரு பள்ளிக்கூட ஆண்டு மலர், உள்ளூரு அச்சகம். அச்சகத்துக்காரருட்ட "போன ரெண்டு வருஷத்துல யாராவது வாழ்க்கை வரலாறு போட்டாங்களா"ன்னு கேட்டா அவருக்கு ஞாபகம் இருக்கும், ஒரு பிரதி அவரும் எடுத்து வச்சுருப்பாரு. பேரு தெரிஞ்ச ஆளுலயும் பேசப்படாத ஒண்ணு வேணும்னா வ.உ.சி. எழுதின சுயசரிதையைப் பாருங்க. அதை அவரு உரைநடைல எழுதல, முழுக்க அகவல் பாட்டா எழுதிருக்காரு, சிறைக்குள்ள ஆரம்பிச்சது. புத்தகமா வந்தது அவரு காலத்துக்குப் பொறவுதான். நம்ம ஊரு ஆளு, நம்ம ஊரு கதை, ஆனா வாசிச்சுருக்கேன்னு சொல்லுதவங்களை நான் விரல்விட்டு எண்ணிருவேன். சத்தமா வாசிங்க, ரெண்டு பக்கம் போனா ஓசை பிடிபட்டுரும்.

இன்னொண்ணு அண்ணாச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு எண்ணூறு பேரு பக்கம் தவிச்சாங்க. அந்த மூணு நாளைப் பத்தி அங்க இருந்த ஆளு கைப்பட எழுதின புத்தகம் எதையாவது யாராவது பாத்துருந்தா எனக்கு எழுதுங்க, நானும் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க 34 வருஷம் வீடு வீடாப் போயி மணியார்டர் குடுத்தவரு, உங்ககிட்ட இருக்கதையும் எழுதலாம், அதைத் தனியா ஒரு கடுதாசில பேசுவோம்.

கேள்வி: கவிதைப் புத்தகம் வாங்குனா ரெண்டு பக்கத்துக்கு மேல போக முடியல. புரியலயா, இல்ல எனக்குத்தான் ரசனை இல்லயா? (சங்கரன்கோவில்)

பதில்: ரசனையெல்லாம் இருக்கு. கவிதைத் தொகுப்பு 80 பக்கந்தானேன்னு ஒரே மூச்சுல வாசிக்கப் பாத்தீங்கன்னா அப்பிடித்தான் ஆகும். ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுவும் காலைல. ஒண்ணை ரெண்டு தடவை வாசிங்க, ரெண்டாவது தடவை வாயைத் திறந்து. புரியலன்னா விட்டுட்டு வேலையைப் பாருங்க, மத்தியானம் பாத்திரம் விளக்கும்போதோ பஸ்ஸுல போகும்போதோ ஒரு வரி தானா வந்து நிக்கும், நிக்கலன்னா அந்தக் கவிதை உங்களுக்கு இல்ல, அடுத்ததுக்குப் போங்க.

நம்ம ஊரு கவிதைக்குப் பஞ்சமே இல்லாத ஊரு. வண்ணதாசன் கதை எழுதுதவருன்னு எல்லாருக்கும் தெரியும், 2016ல சாகித்ய அகாடமி வாங்குனாரு, அவரே கல்யாண்ஜிங்கிற பேருல கவிதை எழுதுதாருன்னு இங்கயே நெறைய பேருக்குத் தெரியாது. கலாப்ரியா, விக்ரமாதித்யன் எல்லாம் இந்த மண்ணுதான். குற்றாலத்துல கலாப்ரியா நடத்துன கவிதைக் கூட்டங்களுக்கு எங்கெங்கருந்தோ ஆளுக வந்தாங்க. இவங்கள்ட்ட ஆரம்பிங்க, ஏன்னா இவங்க சொல்லுத தெருவும் படித்துறையும் உங்களுக்குத் தெரிஞ்சது, பாதி தூரம் அதுவே கூட்டிட்டுப் போயிரும். அதுக்குப் பொறவு இப்ப எழுதுத பிள்ளைகள்ட்ட வாங்க. 2022ல யுவ புரஸ்கார் வாங்குனதே ஒரு கவிதைத் தொகுப்புதான், ப.காளிமுத்துவோட 'தனித்திருக்கும் அரளிகளின் மதியம்'. அந்தத் தலைப்பையே ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, ஒரு வேனல் மத்தியானம் கண்ணுல வரும்.

கேள்வி: தென்காசில பாத்திரக்கடை வச்சுருக்கேன். தன்னம்பிக்கைப் புத்தகம் இதுவரை பதினஞ்சு வாங்கிருப்பேன், எல்லாத்துலயும் சொன்னதையே சொல்லுதாங்க. இதுல நல்லது கெட்டது எப்பிடிப் பிரிக்க? சிலபேரு அந்த வகைப் புத்தகமே வேஸ்ட்னு சொல்லுதாங்களே? (தென்காசி)

பதில்: வேஸ்ட்னு சொல்லுதவங்க சொல்லட்டும் தம்பி, நான் சொல்ல மாட்டேன். கடன், குடும்பச் சண்டை, தூக்கமில்லாத ராத்திரின்னு வந்து "மேடம் மனசுக்குத் தெம்பா ஒரு புத்தகம் குடுங்க"ன்னு கேட்டவங்களை 26 வருஷம் பாத்துருக்கேன். அதைக் கேக்கதுல ஒரு தப்பும் இல்ல. இந்த வகைக்குத் தமிழ்ல வழி போட்டவங்கள்ல ஒருத்தரே நம்ம ஒட்டப்பிடாரத்துக்காரர்தான், மறுபடியும் வ.உ.சி. ஜேம்ஸ் ஆலன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1903ல ஒரு குட்டிப் புத்தகம் எழுதினாரு, மனசு எப்பிடியோ மனுஷனும் அப்பிடின்னு. அதை வ.உ.சி. 'மனம்போல வாழ்வு'ன்னு தமிழ்ல கொண்டாந்தாரு, ஆலனோட வேற புத்தகங்களையும் 'அகமே புறம்'னெல்லாம் பேரு வச்சு மொழிபெயர்த்தாரு. 1906ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, 1908ல கைதாகி, கோயம்புத்தூர் சிறைல செக்கிழுத்து, வெளிய வரும்போது கப்பலும் இல்ல, காசும் இல்ல. அந்த ஆளு "மனசைக் காப்பாத்திக்கோ"ன்னு சொல்லும்போது அதுக்கு ஒரு கனம் இருக்கு.

பிரிச்சுப் பாக்கதுக்கும் அதுதான் வழி. எழுதினவரு இதை எங்க வச்சுக் கத்துக்கிட்டாருன்னு பாருங்க. வெளிநாட்டுக் கம்பெனி முதலாளி கதை, விளையாட்டு வீரர் கதைன்னு அடுத்தவங்க கதையாவே பத்து அத்தியாயம் போச்சுன்னா கீழ வச்சுருங்க. தான் எங்க தோத்தேன், எவ்வளவு ரூபாய் போச்சு, எத்தனை வருஷம் ஆச்சுன்னு நம்பரோட எழுதுறவரு புத்தகம்னா எடுங்க. மொழிபெயர்ப்பா இருந்தா மொழிபெயர்த்தவர் பேரு உள்ள இருக்கான்னு பாருங்க, பேரே போடாத புத்தகம் பெரும்பாலும் அவசரத்துல செஞ்சதா இருக்கும், ஒரு பத்தியை வீட்டுல அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுங்க, அவங்களுக்கு விளங்கலன்னா தப்பு அவங்க மேல இல்ல.

அண்மைல என் கைக்கு வந்ததுல பிடிச்சது பேங்க்ல வேலை பாத்து ஓய்வு பெற்ற ஒருத்தரு தானே அச்சடிச்சது, 60 பக்கத்துக்குக் கொஞ்சம் கூட. நகைக்கடன், குழுக்கடன், கந்துவட்டி மூணையும் பக்கம் பக்கமா கட்டம் போட்டு நம்மளே நம்ம கடனை எழுதிப் பாக்குத மாதிரி வச்சுருக்காரு. ஒரு இடத்துல கூட வெற்றி, சிகரம்னு ஒரு வார்த்தை கிடையாது. பீடி சுத்தி வாராவாரம் குழுவுக்குக் கட்டுத ஒரு பிள்ளை அதை எங்கிட்ட வாங்கிட்டுப் போயி அதுலயே பென்சில்ல எழுதி நிறைச்சுட்டா, திருப்பித் தரும்போது அழிச்சுத் தரட்டான்னு கேட்டா, வேண்டாம் நீயே வச்சுக்கோன்னுட்டேன். இந்த மாதிரி டாக்டரு, வக்கீலு, விவசாயி, பேங்க்காரங்க அவங்கவங்க தொழிலைப் பத்தி எழுதுத சின்ன புத்தகத்தைத் தேடுங்க, அதுதான் இப்ப தமிழ்ல இந்த வகைல உருப்படியா வருது.

கேள்வி: எங்க பக்கம் புத்தகக் கடையே கிடையாது, திருநெல்வேலிக்குப் போயிட்டு வந்தா அரை நாள் போயிரும். நூலகம் இருக்கு, ஆனா அங்க புதுசே இல்ல. என்ன செய்ய? (திசையன்விளை)

பதில்: எம்மா, அந்த நூலகம் உங்க காசுல நடக்கு, அதை மொதல்ல மனசுல வச்சுக்கிடுங்க. 1948லயே நம்ம மாநிலத்துல நூலகச் சட்டம் வந்துட்டு, வீட்டு வரி கட்டும்போது ரசீதுல நூலக வரின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, சொத்து வரில ரூபாய்க்குப் பத்து பைசா. அந்தப் பணம் நூலகத்துக்குன்னே போகுது. அதனால கூச்சப்படாம போயி நூலகர்ட்ட எழுதிக் குடுங்க, புத்தகப் பேரு, எழுதினவரு, பதிப்பகம் மூணும் இருக்கணும், வெறுமனே "புதுசு வேணும்"னா அவரால ஒண்ணும் செய்ய முடியாது. ஒருத்தர் எழுதிக் குடுத்தா கடுதாசி, பத்துப் பேரு எழுதிக் குடுத்தா மேல அனுப்பியே ஆகணும். நான் வேலைல இருக்கும்போது பொம்பளைகள் அஞ்சாறு பேரு சேந்து அப்பிடி எழுதிக் குடுத்த லிஸ்டை வச்சுத்தான் மேலிடத்துல பேச எனக்கு வாயே வந்துச்சு.

நூலக அறிவியலுக்கு அடிப்படை போட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல அஞ்சு விதி எழுதினாரு, சீர்காழிக்காரர். அதுல ஒண்ணு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டுங்கிறது. உங்க நூலகத்துல புதுசே இல்லன்னு சொல்லுதீங்க, இருக்கலாம். ஆனா கீழ் ராக்குல, குனிஞ்சு உக்காந்து பாக்க வேண்டிய வரிசைல, போன அஞ்சு வருஷத்துல வந்து யாரும் தொடாத புத்தகம் இருக்கும். தேதி சீட்டைத் திறந்து பாருங்க, ஒரு முத்திரை கூட இல்லன்னா அது உங்களுக்குப் புதுசுதான். மத்தபடி சின்ன பதிப்பகங்க எல்லாம் இப்ப வாட்ஸ்அப் நம்பர் வச்சுருக்காங்க, மெசேஜ் போட்டு ஜிபே பண்ணுனா தபால்ல வீட்டுக்கே வந்துரும், நாலு பேரு சேந்து வாங்குனா தபால் செலவும் குறையும், மாத்தி மாத்தியும் வாசிக்கலாம்.

கேள்வி: போன்ல மின்னூல் வாசிச்சா அது வாசிப்புல சேருமா? (கோவில்பட்டி)

பதில்: சேரும். 1998லருந்து மதுரைத் திட்டம்னு தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு பண்ணி இலவசமா போட்டுட்டு வாராங்க, அதுல எவ்வளவோ வாசிச்சுருக்கேன். புது ஆளுக நெறைய பேரு கிண்டில்ல மட்டுமே நாவல் போடுதாங்க, அதெல்லாம் காகிதத்துல வரவே வராது. 30ஆம் பக்கம் பாக்குத அதே சோதனையை அங்கயும் மாதிரிப் பக்கத்துல செஞ்சு பாருங்க. கண்ணு வலிச்சா எழுத்தைப் பெருசு பண்ணிக்கிடுங்க.

கேள்வி: அக்கா, என் மொத கதைத் தொகுப்பு போன வருஷம் வந்துச்சு. 200 பிரதி, என் செலவு. தெரிஞ்சவங்களுக்குக் குடுத்தது போக கட்டிலுக்கு அடியில 140 கெடக்கு. ஒரு கடைல பத்து பிரதி வச்சேன், ஆறு மாசம் கழிச்சுப் போனா கட்டே பிரிக்கல, அப்பிடியே திருப்பிக் குடுத்துட்டாங்க. வீட்டுல பேச்சு வேற. எழுதுததே விட்டுரலாமான்னு இருக்கு. (வள்ளியூர்)

பதில்: தம்பி, உன் கடுதாசியை நாலு தடவை வாசிச்சேன். மத்த கேள்வி எல்லாம் புத்தகத்தைத் தேடுதவங்க கேள்வி, உன்னோடது தேடப்பட வேண்டிய புத்தகத்தோட கேள்வி, ரெண்டும் ஒரே மாசத்துல என் மேசைக்கு வந்துருக்கு.

நம்ம எட்டயபுரத்துப் பாரதி, கடையத்துல இருந்துட்டு வந்த காலம், 1920. தன்னோட எழுத்தையெல்லாம் 40 புத்தகமா, ஒவ்வொண்ணும் 10,000 பிரதின்னு நாலு லட்சம் பிரதி அச்சடிக்கதுக்குத் திட்டம் போட்டு, கடன் குடுங்கன்னு ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்புனாரு. மண்ணெண்ணெய், தீப்பெட்டியை விட வெரசா வித்துப் போகும்னு அதுல எழுதிருந்தாரு. பணம் வரல. அடுத்த வருஷம் செப்டம்பர்ல அவரே போயிட்டாரு. ஆறுதலுக்காக இதைச் சொல்லல. எழுத்து ஒரு வேலை, அதை ஆளுக கைல சேக்குதது இன்னொரு வேலை, அவருக்கே ரெண்டாவது வேலைக்கு ஒரு ஆளு கிடைக்கல. அதே 1920லதான் நம்ம திருநெல்வேலில சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் ஆரம்பிச்சு, வீடு வீடா தமிழ் புத்தகத்தைக் கொண்டுபோயிச் சேத்துச்சு. ரெண்டாவது வேலையைச் செய்ய ஆளு அமைஞ்சா நடக்கும்.

உனக்கு அந்த ஆளு இப்போதைக்கு நீதான், அதனால செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். மொதல்ல ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள நம்பர், வாங்குனியா? இந்தியாவுல அது இலவசம், மத்திய அரசோட ராஜாராம் மோகன்ராய் ஏஜென்சில ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும், அது இல்லன்னா நூலகத்துக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் தடங்கல் ஆகும். பொறவு 1954 சட்டப்படி புத்தகம் வெளியான 30 நாளைக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி, சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகம் மூணுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பியாகணும், சொந்தமா போடுதவங்க பாதிப் பேருக்கு இது தெரியாது. லேட் ஆனாலும் அனுப்பு. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தரு வள்ளியூரைப் பத்தித் தேடும்போது கன்னிமாராவுல உன் புத்தகம் இருக்கணும்.

நாலு போச்சுன்னா 136. அதுல இருபதை மட்டும் இனாமா குடு, ஆனா தெரிஞ்சவங்களுக்கு இல்ல. புத்தக மதிப்புரை எழுதுத ஆளுக யாரு, உன் கதைல வர்ற விஷயத்தைப் பத்தியே எழுதுத மத்த எழுத்தாளருக யாருன்னு பாத்து, ஒவ்வொருத்தருக்கும் கைப்பட அரைப் பக்கம் கடுதாசி எழுதி உள்ள வச்சு அனுப்பு. உங்க எந்தக் கதையைப் படிச்சு இதை அனுப்பத் தோணுச்சுன்னு அதுல எழுது, அது உண்மையா இருக்கணும். இருபதுல மூணு பேரு பதில் போட்டா பெரிய விஷயம். வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம், களக்காடுன்னு சுத்தி இருக்க நூலகத்துக்கெல்லாம் நேர்ல போயி ஒவ்வொரு பிரதி குடு, குடுக்கும்போது நூலகர்ட்ட எந்தக் கதையில எந்த ஊரு வருதுன்னு சொல்லு. அப்பத்தான் அந்த ஊருக்காரர் ஒருத்தரு வந்தா எடுத்து நீட்டுவாரு. மிச்சத்தைப் புத்தகத் திருவிழாவுக்கு வச்சுக்கோ, ஸ்டால் எடுக்கக் காசு இல்லன்னா உன்னை மாதிரி நாலஞ்சு பேரு சேந்து ஒரு ஸ்டால் எடுங்க. அந்தப் பாளையங்கோட்டைப் பிள்ளைட்ட கடைசி வரிசைலருந்து வான்னு சொல்லிருக்கேன்.

வீட்டுல பேசுததைப் பத்தி: அவங்க கோவம் எழுத்து மேல இல்ல, போன காசு மேலயும் கட்டிலுக்கு அடியில கெடக்க கட்டு மேலயும். கட்டைப் பிரி, இருபது வெளிய போகட்டும், பேச்சு குறையும். அடுத்த கதையை எழுதுததை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாத.

பத்திரிகை விலாசத்துக்கு ஒரு பிரதி அனுப்பு. இனாமா வேண்டாம், உள்ள உன் ஜிபே நம்பரை எழுதி வை, விலையும் தபால் செலவும் சேத்து அனுப்புதேன். நான் 30ஆம் பக்கத்துல ஆரம்பிக்கேன்.